கைப்பைக்குள் எது: ரிக்கோவா, சோனியா?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. ஏழு வயதில் ஒரு மகள், பரதம் கற்றுக்கொள்கிறாள். வீட்டில், தெருவில், ஊருக்குப் போகும்போது, பள்ளி ஆண்டு விழாவில் என்று தினப்படி எடுப்பதற்கு, கைப்பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன கேமரா வேண்டுமாம். பழைய கேமரா விற்கிற கடையில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று ரிக்கோ ஜிஆர் 3, இன்னொன்று சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7. கடைக்காரர் சொல்லும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. “சென்சார் பெரிசு, ரிக்கோவை எடு என்கிறான் தம்பி. ஜூம் இல்லாத கேமரா எதுக்கு என்கிறார் வீட்டுக்காரர். நான் யார் பேச்சைக் கேட்பது?”

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாலைந்து வருடமாக என் பையில் கிடப்பது ரிக்கோதான். ஆனாலும் உங்களுக்குச் சோனியைத்தான் சொல்வேன். தம்பி சொல்வது தப்பில்லை, ஆனால் அவர் சொல்லும் காரணம் உங்கள் மகள் மேடையில் நிற்கும்போது உதவாது.

இரண்டும் 2019ல் வந்தவை. வந்த புதிதில் அமெரிக்காவில் ரிக்கோ 900 டாலர், சோனி 1,200 டாலர். சென்சார் என்பது லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்குகிற சில்லு. ரிக்கோவில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சார், 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், 24 மெகாபிக்சல். கனமான டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் இருக்கிற அதே அளவு. சோனியில் இருப்பதை ‘ஒரு அங்குல சென்சார்’ என்பார்கள். அளந்து பார்த்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், மூலைக்கு மூலை 16 மில்லிமீட்டர், எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரு அங்குலம் வராது. பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பரப்பளவில் ரிக்கோவின் சென்சார் இதைப் போல மூன்று மடங்கு. தம்பி சொல்வது இதைத்தான்.

ஆனால் ரிக்கோவின் லென்ஸ் நகராது. 28 மில்லிமீட்டர் கோணம், எஃப்/2.8 (லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்ற அளவு, எண் கூடினால் வாய் சின்னது), அவ்வளவுதான். உங்கள் போனை எடுத்து ஜூம் எதுவும் தொடாமல் பிடித்தால் எவ்வளவு தெரிகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் இதிலும் தெரியும். படம் போனைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும், மறுக்கவில்லை, ஆனால் போனில் தூரமாகத் தெரிந்தது இதிலும் தூரமாகத்தான் தெரியும். சோனியின் லென்ஸ் 24லிருந்து 200 மில்லிமீட்டர் வரை போகும், எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஆண்டு விழாவில் உங்களுக்கு ஐந்தாவது ஆறாவது வரிசையில் இடம் கிடைக்கிறது, மேடைக்கும் உங்களுக்கும் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் ரிக்கோவைக் கிடைவாக்கில் பிடித்தால் 19 மீட்டர் அகலமும் 13 மீட்டர் உயரமும் படத்துக்குள் வரும். அதாவது மேடை முழுக்க, திரைச்சீலை, மேலே கட்டிய பேனர், முன்னால் எழுந்து நின்று போனில் வீடியோ எடுக்கிற நாலு அப்பாக்கள், எல்லாம். அதில் சுமார் 1.1 மீட்டர் உயரமுள்ள உங்கள் மகள் 4,000 பிக்சல் உயரத்தில் 340 பிக்சல்தான் இருப்பாள். வெட்டி எடுத்துப் பெரிதாக்கினால் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. சோனியை 200 வரை இழுத்தால் அதே இடத்திலிருந்து 2.7 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம்தான் சட்டத்துக்குள் வரும். மகள் இப்போது 2,200 பிக்சல். கண் மை தெரியும், சலங்கை தெரியும். இப்போது சென்சார் மூன்று மடங்கு பெரிசு என்பதை எங்கே வைப்பது? ரிக்கோவில் 50 மில்லிமீட்டர் ‘கிராப்’ வசதி ஒன்று உண்டு, அதைப் போட்டால் படம் 7 மெகாபிக்சலாகச் சுருங்கும். நடுப்பகுதியை வெட்டித் தருவதுதான் அது, புதிதாக ஒரு பிக்சலும் சேராது.

சரி, சோனியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஜூமை முழுக்க இழுக்கும்போது லென்ஸின் வாய் எஃப்/2.8லிருந்து எஃப்/4.5க்குச் சுருங்கிவிடும், உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆடுகிற குழந்தை கலங்காமல் இருக்க ஷட்டர் 1/250 நொடிக்குள்ளாவது திறந்து மூட வேண்டும். மேடையில் நல்ல விளக்கு போட்டிருந்தால் ஐஎஸ்ஓ (குறைந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்) 1600, 2000 என்று சமாளிக்கும். விளக்கு மங்கலாக இருந்தால் 6400க்கு ஏறும், அங்கே சோனி படத்தில் புள்ளிகள் மணல் தூவின மாதிரி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் சின்ன அளவில் பிரிண்ட் போடவும் போதும், சுவரில் பெரிதாக மாட்ட முடியாது. இந்த ஜூம் பகல் வெளிச்சத்துக்கான ஜூம். மேடைக்கு அது ‘இல்லாததற்கு இருப்பது மேல்’ என்ற கணக்குதான்.

வீட்டுக்குள் வந்தால் நிலைமை தலைகீழ். சாயங்காலம் கூடத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள், இரண்டு கேமராவையும் எஃப்/2.8ல் வைத்து எடுக்கிறீர்கள் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஐஎஸ்ஓவைத்தான் எடுத்துக்கொள்ளும், ஆனால் ரிக்கோ 3200ல் தருகிற படத்தின் சுத்தம் சோனியில் 1000 பக்கத்தில்தான் கிடைக்கும். முடி இழை, பாவாடையின் சரிகை, சுவரில் விழுந்த நிழல், எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரியும். இங்கே தம்பி கட்சி ஜெயிக்கிறது. சோனிக்கு இதில் ஒரே ஆறுதல், மேலே எழும்பும் குட்டி ஃபிளாஷ். அதை விரலால் மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எடுத்தால் வெளிச்சம் வெள்ளை மேற்கூரையில் பட்டு மென்மையாக இறங்கும், கிட்டே இருக்கிறவர்களுக்கு நன்றாகவே இருக்கும். ஓட்டு வீடாக இருந்தால் பிரயோஜனமில்லை. ரிக்கோ இதற்கு முந்தைய ஜிஆர் 2ல் வைத்திருந்த ஃபிளாஷையும் இந்த மாடலில் எடுத்துவிட்டது.

அப்புறம் நான் ஏன் ரிக்கோவை விடாமல் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை ஒருமுறை நின்றுகொண்டிருந்தேன். மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கை, நார் சுற்றுகிற வேகத்தில், கண்ணால் தொடர முடியாத அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேன்ட் பையிலிருந்து எடுத்து, ஒரு கையால் பட்டனை அழுத்தி, எடுத்து முடிக்க இரண்டு நொடி ஆகியிருந்தால் அதிகம். கேமரா விழித்தெழ 0.8 நொடிதான் ஆகும். ஃபோகஸ் பிடிக்கிற வரை காத்திருக்கவும் இல்லை. ‘ஸ்நாப் ஃபோகஸ்’ என்று ஒன்று இதில் இருக்கிறது, இரண்டரை மீட்டர் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு எஃப்/8ல் பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால், ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவாக விழும். தெருவில் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். 28 மில்லிமீட்டரில் எடுக்க வேண்டுமென்றால் கிட்டே போயாக வேண்டும், நானும் போனேன். அந்த அம்மா நிமிர்ந்து, “என்னப்பா, பேப்பர்ல வருமா?” என்றார். ஜூம் போட்டுத் தூரத்தில் நின்று எடுத்திருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது.

ஆனால் அது என் பழக்கம். கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் தெருவுக்குப் போகிறவன், நீங்கள் உங்கள் வேலைக்குப் போகிற வழியில் கேமராவையும் தூக்கிக்கொண்டு போகிறவர். உங்கள் ஊரிலேயே பாருங்கள், நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிற கூட்டத்துக்குள் நுழைந்து கையையும் கயிற்றையும் எடுக்க ரிக்கோ மாதிரி ஒன்று கிடையாது. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது வீட்டு மாடியிலிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் சோனிதான், 24ல் ரதவீதி முழுக்க ஒன்று, 200ல் தேரின் மரச்சிற்பம் ஒன்று. ஆனி வெயிலில் பின்பக்கத் திரை கண்ணாடி மாதிரி உங்கள் முகத்தையே காட்டும், அப்போது சோனியில் மேலே எழும்பும் வியூஃபைண்டரின், அதாவது கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கிற குட்டி ஜன்னலின், அருமை புரியும். ரிக்கோவில் வியூஃபைண்டர் கிடையாது, நான் கையால் மறைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன்.

இன்னும் சந்தேகம் இருந்தால் போனில் கடைசியாக நீங்கள் எடுத்த நூறு படங்களை எடுத்துப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட், பிள்ளைகளின் வருகைப் பதிவேடு, கரண்ட் பில் இதையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். மீதியில் எத்தனை படத்தில் விரலை விரித்து ஜூம் செய்திருக்கிறீர்கள், எத்தனை படம் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கையெட்டும் தூரத்தில் எடுத்தது என்று எண்ணுங்கள். முதல் வகை கூடுதலாக இருந்தால் சோனி. இரண்டாவது வகை அதைவிட நிறைய இருந்தால் தம்பி சொன்னதையே செய்யுங்கள், அப்போது நான் சொன்னதை மறந்துவிடலாம். உங்கள் கடிதத்தில் ஆண்டு விழா என்ற வார்த்தை மூன்று இடத்தில் வருவதால்தான் நான் சோனி என்கிறேன்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயங்கள். வீடியோ எடுப்பீர்கள் என்றால் போட்டியே இல்லை, சோனியில் 4கே உண்டு, மைக் செருக இடம் உண்டு, திரையை மேலே திருப்பி நம்மையே பார்த்துக்கொள்ளலாம். ரிக்கோவின் வீடியோ 1080தான், அதுவும் ஏதோ கடமைக்கு. எடை ரிக்கோ 257 கிராம், சோனி 302. கைப்பைக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஆனால் தடிமனில் 33 மில்லிமீட்டருக்கும் 43க்கும் உள்ள வித்தியாசம் பேன்ட் பையில் தெரியும். பேட்டரி இரண்டிலும் சுமார்தான், நிறுவனக் கணக்குப்படி ரிக்கோவுக்கு 200 படம், சோனிக்கு 260. எதை வாங்கினாலும் இன்னொரு பேட்டரிக்குப் பணம் எடுத்து வையுங்கள். சார்ஜ் போட ரிக்கோவுக்கு யூஎஸ்பி-சி, இப்போதைய போன் கேபிளே போதும். சோனிக்குப் பழைய மைக்ரோ யூஎஸ்பி, அந்தக் கேபிளை வீட்டில் தேட வேண்டியிருக்கும். சோனியின் மெனு ஒரு பெரிய காடு, அதில் திரையைத் தொட்டுப் போகவும் முடியாது, பட்டனை அழுத்தி அழுத்தித்தான் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்களுக்கு வேண்டியதை மட்டும் ஒரு பக்கத்தில் சேர்த்து வைத்துக்கொண்டால் பிறகு அந்தக் காட்டுக்குள்ளேயே போக வேண்டாம்.

பழைய கேமரா என்பதால் கடையிலேயே பத்து நிமிடம் செலவழிக்க வேண்டும், கூச்சப்படாதீர்கள். சோனியென்றால் ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐந்தாறு தடவை இழுத்துப் பாருங்கள், இடையில் திக்குகிறதா, அரைக்கிற சத்தம் வருகிறதா என்று காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். வியூஃபைண்டரையும் ஃபிளாஷையும் இரண்டு மூன்று முறை எழுப்பி இறக்குங்கள். லென்ஸை வெளியே வரவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து உள்ளே பாருங்கள், நூல் நூலாக, சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மனசு மாறி ரிக்கோ பக்கம் போனீர்கள் என்றால் எஃப்/16ல் வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலைக்கு மூலை பாருங்கள். சாம்பல் நிறத்தில் வட்டப் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசு. நீண்டு சுருங்கும் லென்ஸ், தூசு புகாத காப்பும் கிடையாது, அதனால் இந்த வரிசைக் கேமராக்களில் இது சகஜம். லென்ஸைக் கழற்ற முடியாததால் நாமே துடைக்கவும் முடியாது, சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். மழைக்கு இரண்டுமே ஆகாது. பில் கேளுங்கள், பில்லில் இருக்கிற சீரியல் எண் கேமராவின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

வாங்கின பிறகு பீரோவில் துணிகளுக்கு நடுவே வைக்காதீர்கள், பூஞ்சை பிடிப்பது அங்கேதான். மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு வைத்தால் போதும்.

ஆண்டு விழாவுக்கு முன்னால் ஒன்று செய்துவிடுங்கள். ஷட்டரை 1/250ல் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு அதன் உச்சத்தை 6400க்கு மேல் போகாமல் கட்டிப்போட்டு, வீட்டில் மகளை ஒரு அடவு ஆடச் சொல்லி எடுத்துப் பழகுங்கள். ஷட்டர் வகையை மெக்கானிக்கல் என்று வையுங்கள். சத்தமே இல்லாமல் நொடிக்கு 20 படம் எடுக்கிற எலக்ட்ரானிக் ஷட்டர் ஆசை காட்டும், ஆனால் எல்ஈடி விளக்குக்குக் கீழே அதில் கோடு கோடாக விழ வாய்ப்புண்டு. அப்புறம் ஒத்திகை நாளன்று டீச்சர் என்ற உரிமையில் ஹாலுக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். அன்றைக்கும் அதே விளக்கு, அதே உடை, அதே மகள், முன்வரிசை முழுக்கக் காலியாக இருக்கும்.