கிழிந்த படகு சீட்டுக்குப் புது உறை மட்டும் போதுமா?

கேள்வி: எங்களிடம் 18 அடி ஃபைபர் மோட்டார் படகு ஒன்று இருக்கிறது. வாங்கிப் பதினைந்து வருடம் ஆகப்போகிறது. ஓட்டுபவர் சீட், அதற்குப் பக்கத்து சீட், பின்னால் இருக்கும் நீளமான பெஞ்ச் என எல்லாவற்றிலும் தையல் விட்டு, வினைல் வெடித்துவிட்டது. மழை நின்று ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தால்கூட உடுப்பு நனைகிறது. பெஞ்சில் இளஞ்சிவப்பு நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. உறையை மட்டும் நானே தைத்து மாட்டினால் போதுமா, இல்லை புது சீட்டே வாங்கிவிடலாமா?

பதில்: ஒரு வாரம் கழித்தும் உடுப்பு நனைகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. தையல் ஓட்டை வழியாகவும் வெடிப்பு வழியாகவும் இறங்கிய தண்ணீர் உள்ளே இருக்கும் ஃபோமில் தங்கிவிட்டது. ஃபோமுக்குக் கீழே பிளைவுட் பலகை. அது எத்தனை மாதமாக ஊறிக்கொண்டிருக்கிறதோ தெரியாது. இந்த நிலையில் மேலே புது உறையைப் போட்டால், ஈரத் தலையை முடிந்து கொண்டை போட்ட கதைதான். நாற்றம் நிச்சயம்.

அதனால் துணிக் கடைக்குப் போகும் முன் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போடுங்கள். பலகையின் ஓரங்களிலும், ஸ்க்ரூ இறங்கியிருக்கும் துளைகளைச் சுற்றியும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். மரம் எதிர்த்து நின்றால் பலகை பிழைத்தது. கேக்கில் இறங்குவது போல இறங்கினால் பலகையும் போய்விட்டது. ஸ்டேப்பிள் பின்கள் துருப்பிடித்துக் கையோடு வருகிறதா என்பதையும் பாருங்கள். படகு சீட்டு பெரும்பாலும் கீழிருந்துதான் சாகும். மேலே தெரியும் வெடிப்பு, கடைசியில் வரும் அறிகுறி. இதை நானும் பட்டுத்தான் கற்றேன். முதன்முதலில் ஒரு சீட்டுக்கு அடியைப் பார்க்காமல் அழகாக உறை தைத்துப் போட்டேன். அடுத்த பருவத்தில் உறை புதிதாகவே இருந்தது, சீட்டுதான் கீலோடு பிய்ந்து கையில் வந்தது.

அந்த இளஞ்சிவப்புக் கறை இதற்கு இன்னொரு சாட்சி. அது மேலே கொட்டிய எதனாலும் வந்தது இல்லை. ஈரமான ஃபோமிலும் மரத்திலும் வளரும் ஒருவகை நுண்ணுயிர் ஒரு சாயத்தைச் சுரக்கிறது. வினைலை வளையும் தன்மையோடு வைத்திருக்க அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருளில் அந்தச் சாயம் கரைந்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு ஊறி வருகிறது. வினைலுக்குள்ளேயே ஊறிய நிறத்தை மேலே எவ்வளவு தேய்த்தாலும் எடுக்க முடியாது. பழைய ஃபோமை வைத்துக்கொண்டு புது வினைல் போட்டால், அதே இடத்தில் அதே கறை திரும்ப வரும். ஆகவே பெஞ்சைப் பொறுத்தவரை ஃபோம் கட்டாயம் மாற்றியாக வேண்டும். காய வைத்துப் பயன்படுத்தலாமே என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள்.

சரி, பலகையிலிருந்து தொடங்குவோம். பழைய பலகை எவ்வளவு உளுத்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் உங்கள் அளவு. புதுப் பலகை மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள். பெரும்பாலான சீட்டுகளுக்கு 12 மில்லிமீட்டர் கனம் போதும். மரைன் பிளைவுட் என்று கேட்டு வாங்குகிறோம், அது உளுக்காது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. அதில் பசை தண்ணீருக்குத் தாங்கும், அடுக்குகளுக்குள் ஓட்டை இருக்காது, அவ்வளவுதான். மரம் மரம்தான். காப்பாற்றுவது எபாக்ஸி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் இறுகும் பிசின். எல்லாத் துளைகளையும் முதலில் போட்டுவிட்டு, ஓரங்களை மழுக்கி, அதன்பின் இரண்டு கை எபாக்ஸி பூசுங்கள். வெட்டிய ஓரமும் துளைகளின் உட்சுவரும் அதிகம் குடிக்கும், அங்கே தாராளமாக விடுங்கள். ரசாயனம் ஏற்றிய மரத்தை மட்டும் தவிருங்கள். அதில் பெரும்பாலும் செம்பு இருக்கும்; சாதாரண பின்களையும் அலுமினியத்தையும் அது அரிக்கும். பிளாஸ்டிக் பலகை உளுக்காது என்பது உண்மை. ஆனால் அதில் பசை ஒட்டாது, கையால் அழுத்தும் ஸ்டேப்பிளரில் பின்னும் சரியாக இறங்காது. காற்றழுத்த ஸ்டேப்பிளர் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி.

பலகையில் தண்ணீர் வடியத் துளை போட மறக்காதீர்கள். சீட்டு சாய்ந்திருக்கும் பக்கத்தில், தாழ்வான இடத்தில், விரல் நுழையும் அளவில் நாலைந்து. தையல் ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். அதை முழுசாகத் தடுக்க முடியாது, வெளியே போக வழி விடலாம். இதே காரணத்துக்காக ஃபோமைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றுவதும் எனக்கு உடன்பாடு இல்லை. சுற்றுபவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சுற்றுகிறார்கள். ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் போதும், அதுவே தண்ணீர்ப் பை ஆகிவிடும்.

ஃபோமில் இரண்டு பாதை. ஒன்று, நல்ல அடர்த்தியுள்ள சாதாரண ஃபோம். ஒரு கன மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாமல் பாருங்கள். அதற்குக் கீழே போனால் சீக்கிரம் பள்ளம் விழும். அடர்த்தி வேறு, கெட்டி வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். அடர்த்தி அதிகமாகவும் மெத்தென்றும் ஒரு ஃபோம் இருக்கலாம். படகு அலையில் தூக்கிப் போடும்போது பின்புறம் பலகையில் இடிக்காத அளவுக்குக் கெட்டி வேண்டும். இரண்டாவது, சீக்கிரம் காயும் ஃபோம். பெரிய பெரிய கண்களோடு தேனடை மாதிரி இருக்கும். ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் நேராகக் கீழே இறங்கிவிடும். விலை அதிகம். கூரை இல்லாமல் மழையில் நிற்கும் படகுக்கு அது தகும். ஆனால் கீழே துளை இல்லாத பலகை மேல் அதை வைத்தால் போட்ட பணம் வீண்.

கனத்தை அளக்கும்போது நடுவில் அளக்காதீர்கள். அங்கே பல வருடம் உட்கார்ந்து அமுங்கியிருக்கும். யாரும் சாயாத பின் மூலையில் அளந்தால் பழைய உண்மையான கனம் கிடைக்கும். நீள அகலத்தில் உறையைவிட 10 மில்லிமீட்டர் போல அதிகம் விட்டு வெட்டுங்கள். அந்த அழுத்தம்தான் உறையைச் சுருக்கமில்லாமல் விறைப்பாக நிறுத்தும். மேலே மெல்லிய பாலியெஸ்டர் பஞ்சு ஒரு அடுக்கு விரித்தால் ஓரங்கள் உருண்டையாக நிற்கும், உறையும் எளிதாக வழுக்கி இறங்கும்.

இப்போது வினைல். வீட்டு சோபாவுக்கு வரும் ரெக்சின் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வெயிலில் நிறுத்தினால் வேறுபாடு தெரியும். படகுக்கென்று வரும் வினைலில் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கவும், பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் பொருள்கள் சேர்த்திருப்பார்கள். பின்துணி பாலியெஸ்டராக இருக்கும். சோபா ரெக்சினில் பின்துணி பருத்தி கலந்ததாக இருந்தால் அது மட்கிப் போகும். வினைலை வளைய வைக்கும் அந்த எண்ணெய் வெயிலில் வெளியேறிவிட்டால், மேலே அப்பளம் போல நொறுங்கும். ரோல் அகலம் பொதுவாக 54 அங்குலம். எல்லாத் துண்டுகளையும் தாளில் வரைந்து அடுக்கிப் பார்த்துவிட்டு, தேவைக்கு மேல் கொஞ்சம் சேர்த்து, ஒரே ரோலிலிருந்து மொத்தமாக வாங்குங்கள். அடுத்த ரோலில் வெள்ளை வேறு வெள்ளையாக இருக்கும்.

வினைலைவிட நூல்தான் முதலில் சாகும். உங்கள் சீட்டிலும் தையல் விட்ட பிறகுதான் வெடிப்பு வந்திருக்க வேண்டும். பருத்தி நூல் மட்கும், நைலான் வெயிலில் வலு இழக்கும். பாலியெஸ்டர் வாங்குங்கள், அதுவும் வெளிவேலைக்கென்று பிசின் பூசி வரும் நூல். சீட் தைப்பவர்கள் 92 எண் நூல் போடுவார்கள். அது வீட்டு மெஷினுக்குக் கொஞ்சம் பருமன், 69 எண் ஒத்துப்போகும். ஊசி 18.

வீட்டு மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மடிப்பு வினைலை அது தைத்துவிடும். சிக்கல் பைப்பிங் வரும் ஓரத்தில், அதாவது உள்ளே கயிறு வைத்து மடித்த பட்டையை இரண்டு துண்டுக்கும் நடுவில் சேர்த்துத் தைக்கும் இடத்தில். மேல்துண்டு ஒன்று, பைப்பிங் மடிப்பு இரண்டு, பக்கவாட்டுத் துண்டு ஒன்று, ஆக நான்கு. இணைப்பு வரும் இடத்தில் ஆறு. கீழே பல் இழுக்கும், மேலே இரும்புப் பாதம் வினைலில் ஒட்டிக்கொண்டு நகராது. துணி இரண்டும் வேறு வேறு நீளத்தில் வந்து முடியும். டெஃப்லான் பாதம் போட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம். மேலும் கீழும் சேர்ந்து இழுக்கும் கனரக மெஷின் இரவல் கிடைத்தால் அதுதான் சரி. எதையும் வாங்கும் முன் பழைய உறையிலிருந்தே நான்கு துண்டு வெட்டி, பைப்பிங்கோடு தைத்துப் பாருங்கள். மெஷின் முனகினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பழைய உறையைப் பிரிப்பதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கும் பகுதி. ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதுங்கள். எது மேல், எது முன் என்று அம்புக்குறி போடுங்கள். தையலைப் பிரிக்கும் முன்பே, இணையும் இரண்டு துண்டுகளின் குறுக்கே மார்க்கரால் சின்னச் சின்னக் கோடுகள் இழுத்துவிடுங்கள், ஒரு சாண் இடைவெளியில். புதுத் துண்டில் அந்தக் கோடுகளை நகலெடுத்தால், தைக்கும்போது கோட்டுக்குக் கோடு பொருத்திக்கொண்டே போகலாம். வளைவில் துணி எங்கே மிஞ்சுகிறது, எங்கே போதவில்லை என்று முழிக்க வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: பழைய வினைல் சுருங்கியிருக்கும். அதை அப்படியே நம்பாமல் பலகை, ஃபோம் அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். தையலுக்கு 12 மில்லிமீட்டர் ஓரம் விடுங்கள்.

தைக்கும்போது குண்டூசி குத்தாதீர்கள், வினைலில் விழுந்த ஓட்டை மூடாது. கிளிப் போடுங்கள். தையல் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். நெருக்கித் தைத்தால் உறுதி என்று தோன்றும்; உண்மையில் தபால்தலை ஓரம் போல ஆகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். பைப்பிங்குக்குள் போடும் கயிறும், ஜிப்பும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பருத்திக் கயிறு திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி சீட்டைச் சுற்றிக் கொண்டுபோகும்.

உறையை மாட்டும் முன் வெயிலில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள், இளகிவரும். ஸ்டேப்பிள் பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் 316 ரகம். 12 மில்லிமீட்டர் பலகைக்கு 10 மில்லிமீட்டர் பின். முதலில் நான்கு பக்கத்துக்கும் நடுவில் ஒவ்வொன்று. அப்புறம் நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி. மூலை கடைசி. சுருக்கம் போக வேண்டும் என்று வெறியோடு இழுக்காதீர்கள், தையல் ஓட்டை நீண்டு வாய் பிளக்கும்.

புது சீட்டு எப்போது வாங்கலாம்? உள்கூடு பிளாஸ்டிக்காக இருந்து அதில் விரிசல் விட்டிருந்தால், அல்லது மடக்கும் கீல் உடைந்து மாற்று கிடைக்காவிட்டால். உங்கள் ஓட்டுபவர் சீட் அப்படி இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் அளந்துவிட்டு: அடியில் உள்ள துளைகளின் இடைவெளி, தளத்திலிருந்து உட்காரும் உயரம், உட்கார்ந்தால் படகின் முன்கண்ணாடிக்கு மேலே பார்வை போகிறதா, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா. பழைய துளைகளில் புது சீட்டு பொருந்தாவிட்டால் துளையிட வேண்டிவரும். தளத்துக்குக் கீழே எரிபொருள் டேங்க், குழாய், ஒயர் எங்கே ஓடுகிறது என்று உறுதியாகத் தெரியாமல் டிரில்லைத் தொடாதீர்கள்.

தளத்தையும் காலால் மிதித்துப் பாருங்கள். சீட்டு நின்ற இடத்தில் மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் அழுகியிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் எந்த சீட்டும் நிற்காது. படகு வேகமாகத் திரும்பும்போது சீட்டு ஆளோடு சேர்ந்து பிய்ந்து வந்தால் அது விபத்து. கீழே கை எட்டும் இடத்தில் ஸ்க்ரூ வேண்டாம், போல்ட் போட்டு அடியில் அகலமான தகடு வைத்து முடுக்குங்கள். கை எட்டாத இடத்தில் லூசான பழைய துளையைப் பெரிதாக்கி, கெட்டியான எபாக்ஸி நிரப்பி, இறுகிய பின் மறுபடி துளையிடுங்கள். எல்லாத் துளையிலும் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பசை விடுங்கள்.

பெஞ்சுக்கு அடியில் ஃபோம் கட்டிகள் அடைத்திருந்தால் இடம் கிடைத்தது என்று எடுத்துவிடாதீர்கள். தண்ணீர் புகுந்தாலும் படகு முழுகாமல் மிதக்க வைத்திருப்பது அது. ஊறிப் போயிருந்தால் அதே கன அளவுக்குத் தண்ணீர் குடிக்காத ஃபோம் வையுங்கள்.

புது வினைலைக் கழுவ மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். பிளீச்சிங் திரவம் நூலைக் கெடுக்கக்கூடும். கறை போக்கும் வெள்ளை ஸ்பான்ஜ் உண்மையில் மெல்லிய உப்புத்தாள் மாதிரி, மேல்பூச்சைத் தேய்த்து எடுத்துவிடும். கொசு விரட்டும் திரவத்தைப் பூசிக்கொண்டு உடனே உட்காராதீர்கள், சில வகைகள் வினைலைக் கரைக்கும்.

மூன்று சீட்டில் எதை முதலில் தொடுவது என்றால், பக்கத்து சீட்டை. சிறியது, தப்பு நேர்ந்தாலும் சேதம் குறைவு. அது நன்றாக வந்தால் ஓட்டுபவர் சீட். பெஞ்சின் நீளத் தையல் வீட்டு மேசையில் அடங்காது. அதற்குப் பலகையையும் ஃபோமையும் நீங்களே தயார் செய்துவிட்டு, தையலை மட்டும் சீட் தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது நூல் பாலியெஸ்டரா, பின் ஸ்டெயின்லெஸா என்று கேட்டுக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.