தோளில் ‘ஜவ்வு கிழிந்தால்’ ஆபரேஷன்தான் வழியா?

கேள்வி: எனக்கு வயது 52. பெயிண்டிங் வேலை செய்கிறேன். நான்கு மாதமாக வலது தோளில் வலி. சீலிங் அடிக்கக் கையைத் தூக்கினால் பாதியில் சுருக்கென்று பிடிக்கிறது. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘சுப்ராஸ்பைனேடஸ் பார்ஷியல் டியர்’ என்று போட்டிருக்கிறது. ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்கிறார் ஒருவர். சுளுக்கு எடுத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். சர்க்கரையும் இருக்கிறது. என்ன செய்வது டாக்டர்?

பதில்: சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள். இது சுளுக்கு இல்லை. முழங்காலோ தோளோ, எது என்றாலும் ‘ஜவ்வு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உங்களுக்குப் பாதிப்பு தசைநாணில், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிற்றில். தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. கை எலும்பின் பந்து போன்ற முனை அதை விட்டு நழுவாமல் நான்கு தசைகளின் நாண்கள் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேலே இருப்பது சுப்ராஸ்பைனேடஸ். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது சுமார் 60 டிகிரியில் வலி தொடங்கி, 120-ஐத் தாண்டினால் குறைவது இதன் அடையாளம்.

‘பார்ஷியல்’ என்றால் நாண் இரண்டாக அறுந்துவிடவில்லை. கட்டிக் கட்டி நைந்த வேட்டியில் சில நூல் பிரிந்திருக்கும், வேட்டி கிழிந்திருக்காது. அந்த மாதிரி. வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்கள் பலருக்கும் ஸ்கேனில் இப்படித் தெரியும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஆபரேஷன் முடிவு செய்வது சரியில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அமெரிக்காவில், அடிபடாமலே நாண் முழுசாகக் கிழிந்த 452 பேருக்குப் பயிற்சி கொடுத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகும் அவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேர் ஆபரேஷனுக்குப் போகவில்லை.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கையைத் தளர்த்திவிட்டு, வேறொருவரை மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். கை மேலே போனால் பெரும்பாலும் நாண் பிரச்சினைதான். அவர் தூக்கியும் வரவில்லை, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பவும் முடியவில்லை என்றால் ஃப்ரோசன் ஷோல்டராக, அதாவது தோள் மூட்டே இறுகிப்போனதாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும், பயிற்சியும் வேறு.

சரி, உங்களுக்கான பயிற்சி. வலது பக்கம் கதவு நிலையை ஒட்டி நில்லுங்கள். முழங்கையை மடக்கி, அதற்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டை வையுங்கள். புறங்கையால் நிலையை வெளிப்பக்கமாக அழுத்துங்கள். கை நகராது, தசை மட்டும் இறுகும். 30 விநாடி, ஐந்து தடவை, காலையும் மாலையும். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று வாரம் கழித்து பயிற்சிக்கான நீள ரப்பர் பேண்டை இழுங்கள், அப்புறம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குங்கள். செய்யும்போது பத்துக்கு நான்கு அளவு வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் தூக்கும் எடையைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். 12 வாரம் செய்ய வேண்டும். மூன்றாம் வாரம் வலி குறைந்ததுமே விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே வலியோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

வேலையை முழுக்க விட வேண்டாம். சீலிங்கைக் கொஞ்ச நாள் உங்களோடு வேலைக்கு வருகிறவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கீழ்ச் சுவரைப் பாருங்கள். ரோலருக்கு நீளக் கம்பு போடுங்கள், முழங்கை தோளுக்குக் கீழேயே இருக்கட்டும். பிரஷ் வேலை என்றால் சாரத்தை உயர்த்திக் கட்டுங்கள். சட்டை போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். ராத்திரி இடது பக்கம் படுத்து, ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு வலது கையை அதன்மேல் போடுங்கள்.

தூக்கமே இல்லை என்றால் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம். அது சில வார நிம்மதிதான் தரும். சர்க்கரை சில நாள் ஏறும் என்பதால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வலிக்கும்போதெல்லாம் ஊசி போடுவது நாணையே பலவீனமாக்கும்.

ஒன்றில் மட்டும் தாமதிக்காதீர்கள். ஏணியிலிருந்து விழுந்தோ, கனமான டப்பாவை வெடுக்கென்று இழுத்தோ, அந்த நேரத்திலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் இந்த 12 வாரக் கணக்கு பொருந்தாது. சில நாளுக்குள் எலும்பு டாக்டரைப் பாருங்கள். அறுந்த நாண் போகப்போக உள்ளே சுருங்கும், தசையிலும் கொழுப்பு சேர்ந்துவிடும். பிறகு தைத்தாலும் பிடிப்பது கஷ்டம்.

அப்படி எதுவும் நடக்காமல், 12 வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தலைக்கு மேல் பிரஷ் பிடிக்க முடியவில்லை என்றால், அந்த எம்.ஆர்.ஐ.யை எடுத்துக்கொண்டு அறுவை நிபுணரிடம் போங்கள். ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அதுதான்.