பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் சுதந்திரமான பத்திரிகையில் சேரலாமா? நிர்வாகம் தொல்லை கொடுக்குமா?

தாராளமாகச் சேருங்கள். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. நிர்வாகம் தொல்லை கொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாண்டு மாணவர் என்று நினைக்கிறேன். அச்சுக்கூலியை யார் கொடுக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

நான் படித்தது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் இன்னும் அங்கே படிக்கிறார்கள். நாங்களே எழுதி, நாங்களே பக்கம் கட்டி, நாங்களே விடுதி விடுதியாகக் கொண்டுபோய்ப் போட்ட பத்திரிகை அது. தலைப்புக்குக் கீழே 'சுதந்திர மாணவர் இதழ்' என்று அச்சடித்திருப்போம். அச்சகத்துக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதி மாணவர் பேரவையின் பட்ஜெட்டிலிருந்து வரும். பேரவைப் பொருளாளர் கையெழுத்துப் போடாமல் ஒரு ராண்டுகூட நகராது.

துணைவேந்தரைக் கண்டித்து எழுதினோம், கட்டண உயர்வைப் பற்றி எழுதினோம், விடுதியில் தண்ணீர் வராததைப் படம் போட்டோம். நிர்வாகம் முகம் சுளித்ததோடு சரி. பேரவை கைதட்டியது. பிறகு பேரவையைப் பற்றியே ஒரு செய்தி கிடைத்தது. புது மாணவர் வரவேற்பு வாரத்து இசை நிகழ்ச்சிக்கு மேடையும் ஒலிபெருக்கியும் அமைக்கும் வேலை, பேரவையில் முக்கியப் பொறுப்பில் இருந்த ஒருவரின் உறவினருடைய கம்பெனிக்குப் போயிருந்தது. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. வாங்கினார்களா என்று கேட்டோம். அன்றிலிருந்து பொருளாளர் போனை எடுக்கவில்லை. அச்சகத்தின் பில் அவர் மேசையிலேயே கிடந்தது.

இந்தியாவில் ஆர்டிஐ என்ற தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. இங்கே அதுபோன்ற சட்டம் 2000இலேயே வந்துவிட்டது. பல்கலைக்கழகமும் அதற்குள் அடங்கும், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். படிவம் நிரப்பிக் கொடுத்தோம். பாதி வரிகள் கறுப்படித்த தாள்கள் வந்தன. தேடிப் பார்த்தால் ஒரே ஒரு கொட்டேஷன்தான் இருந்தது.

உடனே அச்சடித்துவிடவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'பரபரப்புக்காக எழுதினார்கள்' என்று சொல்ல இங்கேயும் சிலர் வருவார்கள். தென்னாப்பிரிக்க அவதூறுச் சட்டத்தில் எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, அதைச் சொன்னதில் பொதுநலன் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். சட்டம் படிக்கும் ஒரு தோழி வரி வரியாகப் படித்துப் பார்த்தாள். சம்பந்தப்பட்டவரிடம் கேள்விகளை எழுதி அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்தோம். பதில் வரவில்லை, வேறு வழியில் ஆள் வந்தார்.

என் அப்பா கும்பகோணம் பக்கத்திலிருந்து கோயில் பூசைக்காக இங்கே வந்தவர். கோயில் கமிட்டி கடிதம் கொடுத்தால்தான் அவர் விசா புதுப்பிக்கப்படும். அந்தக் கமிட்டியில் இருந்த ஒரு அங்கிளுக்கு, நாங்கள் எழுதவிருந்த பேரவைப் பையன் சொந்தம். வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிந்ததும் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, "ஐயர், உங்க பொண்ணு நம்ம ஆளுங்களைப் பத்தியே எழுதுதாமே, வெள்ளைக்காரன் காலத்துல பட்டது போதாதா?" என்றிருக்கிறார். மிரட்டலாக எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "செய்தி வரட்டும்மா. உன் பேரு மட்டும் வராம இருக்க முடியுமா?" முடியும் என்றேன். ஆசிரியர் குழுவில் பேசினேன், 'செய்திக் குழு' என்று போட்டு வெளியிட்டார்கள். பெயர் போடத் துணிவில்லாதவள் ஏன் பத்திரிகைக்குப் போனாள் என்று கேட்பவர்கள் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை விசாவுக்காகக் கடிதத்துக்குக் காத்து நின்ற குடும்பத்தில் பிறந்திருந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். செய்தியில் ஒரு வரியும் குறையவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

'நம்ம ஆளுங்களைப் பத்தி எழுதாதே' என்ற பேச்சு எனக்கு ஆறாத கோபம். இந்த ஊரில் தமிழ்ப் பத்திரிகை வளர்ந்ததே நம் ஆட்களோடு சண்டை போட்டுத்தான். பி. எஸ். ஐயர் 1908இல் டர்பனில் 'ஆப்ரிக்கன் கிரானிக்கிள்' தொடங்கித் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்தினார். ஒப்பந்தக் காலம் முடித்த கூலிகளின் தலையில் விழுந்த மூன்று பவுண்டு வரியை எதிர்த்து எழுதினார். காந்தியையும் விடவில்லை, கடுமையாக விமர்சித்தார். காந்தியை விமர்சிக்கலாம், பேரவைப் பையனை விமர்சிக்கக் கூடாதா?

அதற்கும் பின்னால், நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஸ்டீவ் பைகோ இதே டர்பனில் மருத்துவ மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பின் செய்தி இதழில் ஃபிராங்க் டாக் என்ற புனைபெயரில் எழுதினார். அந்த இதழோடு இருந்த ஸ்ட்ரினி மூட்லி, பெயரைப் பார்த்தாலே தெரியும், நம் முதலியார் வழி வந்த பெயர், பிறகு ரோபன் தீவுச் சிறைக்குப் போனார். அவர்கள் பட்டதோடு நாங்கள் பட்டதை ஒப்பிடவில்லை. இன்று 1996 அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு பத்திரிகைச் சுதந்திரத்தைப் பெயர் சொல்லிக் காக்கிறது. ஆனால் பொருளாளர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பிரிவு அச்சகத்துக்குப் பணம் கட்டாது.

சரி, எப்படி வெளியிட்டோம்? ஜெராக்ஸ் கடை, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ கடை, பழைய பாடப்புத்தகம் விற்பவர் என்று நடந்து நடந்து விளம்பரம் பிடித்தோம். பதினாறு பக்கம் நாலு பக்கமானது. காலையில் விடுதி வாசல்களில் வைத்த கட்டுகள் மதியத்துக்குள் காணாமல் போயின. யாரும் அவ்வளவு ஆசையாகப் படித்திருக்கமாட்டார்கள். பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் விட்டோம், அதை யாராலும் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. அடுத்த பேரவைத் தேர்தலில் கொட்டேஷன் விவகாரம் மேடைப் பேச்சில் வந்தது. அப்பாவுக்குக் கடிதமும் கிடைத்தது, வழக்கத்தைவிடத் தாமதமாக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். அதே பத்திரிகையில் ஒரு தமிழ்ப் பக்கம் கொண்டுவர ஆசைப்பட்டேன். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்று தமிழையும் தெலுங்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் பாடமாகவே தமிழ் இருந்தது. என் காலத்தில் பிழை திருத்திக் கொடுக்க ஒரு விரிவுரையாளர்கூட இல்லை. கோயில் கமிட்டிகள் தேருக்கும் கோபுர வர்ணத்துக்கும் பணம் சேர்க்கின்றன, நல்லதுதான். வார இறுதியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்குப் பெட்ரோல் காசு கேட்டால் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்கிறார்கள். அந்தப் பக்கம் கடைசிவரை வரவே இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேரும் நாளில் பத்திரிகையின் விதிமுறைத் தாளைக் கேளுங்கள். ஆசிரியரை யார் நியமிக்கிறார்கள், அச்சுக்கு முன் பக்கங்களை வெளியார் யாராவது பார்க்கிறார்களா, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து என்று அதில் பாருங்கள். கணக்கு பேரவையிடம் இருந்தால், முதல் வேலையாக விளம்பரத்துக்கு ஒரு ஆளை ஒதுக்கச் சொல்லுங்கள். எழுத ஆசைப்பட்டு வருபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், கடை கடையாக ஏறி இறங்க ஒருவரும் வரமாட்டார்கள். முடிந்தால் அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.