கடற்கரை மணல்வரி வெள்ளியில் விழ வேண்டுமா? கணவாய் ஓட்டில் வார்த்துப் பாருங்கள்

கேட்டிருப்பது இது: “அலை மணலில் விட்டுப்போகும் வரிகளை வெள்ளிப் பதக்கத்தில் கொண்டுவர முடியுமா? எனக்குக் கம்பி வேலை மட்டும் தெரியும். கரையில் கிடைக்கும் பவளத் துண்டையும் பதிக்க ஆசை.”

முடியும். ஆனால் வரியைச் செதுக்கப் போகாதீர்கள். செதுக்கினால் செதுக்கியது என்று தெரிந்துவிடும். கணவாய் என்ற கடல் உயிரியின் உடலுக்குள் இருக்கும் வெள்ளை ஓட்டின் மென்மையான உட்பக்கம் மெல்லிய சுண்ணாம்புத் தகடுகள் அடுக்கடுக்காக வளர்ந்து உண்டானது. அதில் வெள்ளியை வார்த்தால் அந்த அடுக்குகள் வரிவரியாகப் பதிந்துவிடும். மெழுகு அச்சில் இன்னும் நுணுக்கமாக வரும் என்று யாராவது சொல்வார்கள். வரும்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வரியை நீங்கள் போட வேண்டும், இங்கே ஓடே போட்டுத் தருகிறது. அச்சும் ஒரே வார்ப்பில் கருகிவிடுவதால் எந்த இரண்டு பதக்கமும் ஒன்றுபோல் இருக்காது.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள், பெரும்பாலும் உடைந்த துண்டாக. முழு ஓடு பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும். கரையில் பொறுக்கியதானால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிறகு பல நாள் வெயிலில் காய விடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் ஆவி கிளம்பி உருகிய வெள்ளி முகத்தில் தெறிக்கும். இதில் மட்டும் அவசரமே கூடாது.

நல்ல தடிமனான ஓட்டை இரண்டாக அறுத்து, தட்டையான கண்ணாடியின் மேல் எம்ரி தாள் வைத்து உட்பக்கங்களைத் தேயுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. தூள் பறக்கும், முகக்கவசம் போடுங்கள். ஒரு பாதியில் பதக்கத்தின் வடிவத்தை 2 மில்லிமீட்டர் ஆழம் குடையுங்கள். அதைவிட மெல்லியதானால் வெள்ளி ஓரம்வரை ஓடாது. பிறகு மென்மையான ஓவியத் தூரிகையால் அடுக்கின் போக்கிலேயே வருடுங்கள். அடுக்குகளுக்கு இடையிலுள்ள இளகின பகுதி உதிர்ந்து வரி எழும்பி நிற்கும். முழு வேலையின் அழகும் இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

குடைவுக்கு மேலே 2 சென்டிமீட்டர் இடம் விட்டு, வாய் அகன்று கீழே குறுகும் புனல் வெட்டுங்கள். வெள்ளி தன் எடையால்தான் கீழே இறங்குகிறது, அதனால் புனலிலும் வெள்ளி நிற்க வேண்டும். 8 கிராம் பதக்கத்துக்கு 15 கிராமாவது உருக்குங்கள். காற்று வெளியேற ஓரங்களிலிருந்து மேல்நோக்கி ஊசியால் கீறல் போடுங்கள். இரு பாதியையும் இரும்புக் கம்பியால் கட்டி, மணல் தட்டில் நிமிர்த்தி வையுங்கள்.

92.5 வெள்ளி (நூற்றில் 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு) முழுதாக உருக 893 டிகிரி செல்சியஸ் வேண்டும். மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தில், சிட்டிகை வெங்காரம் (போராக்ஸ்) தூவி உருக்குங்கள். வெள்ளி கண்ணாடிபோல் பளபளத்து உருண்டதும், டார்ச்சின் தீயை எடுக்காமல் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். முடி கருகும் வாடை அடிக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பாதிதான் நிரம்பியது என்றால் வெள்ளி ஆறிவிட்டது அல்லது காற்றுக்கு வழியில்லை. ஊசித்துளை விழுந்தால் அளவுக்கு மீறிக் காய்ச்சியிருக்கிறீர்கள், அல்லது பற்றவைத்த பழைய வெள்ளியைக் கலந்திருக்கிறீர்கள். சுற்றிலும் மெல்லிய தகடு பிதுங்கினால் தேய்த்தது சமமில்லை. அதை அறுத்துவிட்டால் போதும்.

வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள். இரும்பு இடுக்கி வேண்டாம், வெள்ளியில் செம்பு படியும். மெருகு மெஷினிலும் கொடுக்காதீர்கள், வரி மழுங்கிவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளை பிரஷும் போதும்.

விற்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிராம் என்ன விலை, சேதாரம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த பதக்கத்துக்கும் இதற்கும் ஒரே தராசா? கோபமாகத்தான் வருகிறது. எடைக்கு விலை சொல்லாதீர்கள், உருப்படிக்குச் சொல்லுங்கள்.

பவளப்பாறைத் துண்டு வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது, கடல் விசிறியும் கடல் குதிரையும்கூட. கரையில் செத்து ஒதுங்கியதையும் எடுக்காதீர்கள். அலையில் உருண்டு மழுங்கிய பாட்டில் கண்ணாடித் துண்டைப் பதியுங்கள். கண்ணாடி உட்காரும் சிறு வெள்ளிக் கிண்ணத்தை முதலில் பதக்கத்தில் பற்றவைத்து, சுத்தம் செய்து, கடைசியில் கண்ணாடியை வைத்து விளிம்பை மடக்குங்கள். கண்ணாடி இருக்கும்போது தீ காட்டினால் விரிசல் விட்டுவிடும்.