ஓரிரு இரவு தங்கிய ரோமானியப் படைமுகாம் இன்றும் எப்படித் தெரிகிறது?

ஸ்காட்லாந்தில் ரோமானியப் படை சில நாளே தங்கிய முகாம்களை 1,800 ஆண்டுக்குப் பிறகும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

படைவீரர்கள் தோல் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சுற்றி வெட்டிய அகழி தங்கிவிடும். அது தூர்ந்து, உழுது சமமானாலும், உள்ளே நிரம்பிய மண்ணில் ஈரம் அதிகம் நிற்கும். மழை பொய்த்த கோடையில் விமானத்திலிருந்து பார்த்தால், வெளிறிய பார்லி வயலுக்கு நடுவே அங்கே மட்டும் பயிர் பச்சைக் கோடாக ஓடும். மூலைகள் சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவுதான் ரோமானியர் அடையாளம்.

எனக்கு மிகவும் பிடித்தது அபர்டீன் பக்கத்திலுள்ள கின்டோர் முகாம். அங்கே தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட ரொட்டி அடுப்புக் குழிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒரு சிறு குழு சுட்டுத் தின்ற இடம்!

அப்புறம், ஏர் படாத மேட்டுநிலத்தில் நேராகவே பார்க்கலாம். வட இங்கிலாந்தின் ரே கிராஸ் முகாமைச் சுற்றிய மண்கரை இன்னும் நிற்கிறது. ஏ66 சாலை முகாமை ஊடறுத்துப் போகிறது.