நெற்றியைக் கீறாமல் நெற்றிச் சைனஸ் அறுவை

கேள்வி: அரிசி ஆலை வைத்திருக்கிறேன், வயது 46. மூன்று ஆண்டுகளாக, குனிந்து மூட்டையின் தையலைப் பார்த்தாலே இடது புருவத்துக்கு மேல் கல்லை ஏற்றியதுபோல் கனக்கிறது. தலையில் நீர் கோத்திருக்கிறது என்று நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தும், பல வாரங்கள் மூக்கு ஸ்பிரே அடித்தும் பயனில்லை. சி.டி. ஸ்கேனில் நெற்றிச் சைனஸ் அடைபட்டிருப்பதாகத் தெரியவே, மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பி அறுவை செய்யலாம் என்கிறார்கள். என் சித்தப்பாவுக்கு இதே நோய்க்காக நெற்றியைக் கீறிய தழும்பு இன்றும் இருக்கிறது. வாய்க்காலைத் தூர்வாருவதுபோல் அடைப்பை எடுத்துவிட்டால் தீருமா, மறுபடியும் தூர்ந்துபோகுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் வாய்க்கால் உவமை பாதிதான் பொருந்தும். நெற்றிச் சைனஸ் என்பது புருவத்துக்கு மேல் எலும்புக்குள் இருக்கும் காற்றறை. அதில் சுரக்கும் சளி, குறுகிய ஒரு வழியாக மூக்கினுள் வடிய வேண்டும். அவ்வழி வீக்கத்தாலோ மூக்குச் சதை வளர்ச்சியாலோ அடைபட்டால் மேலே தேங்குகிறது என்பது வரை சரி. ஆனால் தூர்வாருகிறவர் கரையையும் சேர்த்துச் சுரண்டலாம். இங்கே அது கூடாது. உள்ளே படர்ந்துள்ள சவ்வின் நுண்ணிய மயிரிழைகள்தான் சளியை இயற்கைத் துவாரத்தை நோக்கித் தள்ளுகின்றன. சவ்வை உரித்து எலும்பை வெளிக்காட்டிவிட்டால், ஆறும்போது தழும்பு கட்டி வழி மறுபடியும் மூடிக்கொள்ளும். ஆகவே அடைத்திருக்கும் சிறு எலும்பு அறைகளை மட்டும் நீக்கிச் சவ்வைக் காப்பாற்றுவதே திறமை. எவ்வளவு அகலப்படுத்துவது என்பதற்கு ஜெர்மானிய மருத்துவர் வோல்ஃப்காங் டிராஃப் 1991இல் மூன்று நிலைகளை வகுத்தார். இருபுறச் சைனஸ்களையும் ஒன்றாக்கும் மூன்றாம் நிலை, பெரும்பாலும் முன்பு செய்த அறுவை பலிக்காதவர்களுக்கே தேவைப்படும்.

சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள, 45 அல்லது 70 டிகிரி சாய்ந்து பார்க்கும் எண்டோஸ்கோப் என்னும் ஒளிக்குழாயை மூக்குத் துவாரத்தின் வழியே செலுத்துவதால் முகத்தில் கீறல் இராது. சைனஸின் வெளியோரத்தில் இருக்கும் சில நோய்களுக்கும் கட்டிகளுக்கும் மட்டும் இன்றும் வெளியிலிருந்து திறக்க நேரிடலாம். ஒருபுறம் கண்குழியின் காகிதம் போன்ற எலும்பு, மேலே மூளையின் அடித்தளம், இடையில் ஒரு தமனி. இவற்றில் காயம் படுவது அரிதெனினும், மெல்லிய துண்டுகளாக எடுத்த சி.டி. படத்தை முன்கூட்டியே ஆராயாமல் இதில் இறங்கக் கூடாது. நெற்றிவலி பலருக்கு ஒற்றைத் தலைவலியாகவே இருக்கும் என்பதால், ஸ்கேன் சுத்தமாக இருக்கும் ஒருவருக்கு இந்த அறுவையை நான் பரிந்துரைப்பதில்லை. உங்கள் நிலை வேறு.

மீண்டும் அடைபடுமா என்பது பெரும்பாதி பின்கவனிப்பைப் பொறுத்தது. முதல் இரண்டு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். உப்புநீரால் தினமும் கழுவுங்கள். அந்த நீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும், கிணற்றிலும் வாய்க்காலிலும் மொண்டது வேண்டாம். மருத்துவர் அழைக்கும் நாள்களில் சென்று, உள்ளே படிந்த பொருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தவிட்டுத் தூசிக்கு மூக்கில் துண்டைச் சுற்றுவது போதாது. முகத்தோடு படியும் முகக்கவசம் அணியுங்கள். அறுவைக்கு முன்போ பின்போ இமை வீங்கினாலும், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும், மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலும், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலும், குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.