ஒன்பதாவதோடு பள்ளியை நிறுத்தலாமா? மும்பை செம்பூர் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் சகோதரி. ஒன்பதாவது படிக்கும் மகனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் முகம் வாடுகிறது, ஆனால் ராத்திரி எந்நேரமும் உட்கார்ந்து பைத்தான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறான், இவனை வீட்டிலேயே படிக்க விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அவனுக்குப் பிடிக்காதது படிக்கும் முறையா, இல்லை அந்த வகுப்பில் இருக்கும் யாரோ ஒருவரா? அடிக்கிற பையனோ அவமானப்படுத்துகிற ஆசிரியரோ காரணமாக இருந்தால் பள்ளியை மாற்றினாலே போதும். இதை அவனிடம் நீங்கள் தனியாக, அப்பா இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

அப்புறம் சான்றிதழ். மும்பையில் வீட்டிலேயே படித்த ஒரு பெண்ணுக்கு 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்ததை எல்லோரும் சொல்வார்கள், உங்கள் மகனும் சொல்லியிருப்பான். சர்வதேச புரோகிராமிங் ஒலிம்பியாட்டில் பதக்கங்கள் வாங்கிய பெண் அவர். ஆனாலும் பன்னிரண்டாவது சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி. பக்கம் போக முடியவில்லை. அப்படிப்பட்ட பதக்கத்தை நம்பி நாம் பிள்ளையின் வழியைத் தீர்மானிக்க முடியாது, அதனால் அந்தச் சான்றிதழை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அதற்கு என்.ஐ.ஓ.எஸ். இருக்கிறது, மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியம். 14 வயது நிறைந்திருந்தால் பத்தாவதுக்குச் சேரலாம். ஐந்து பாடங்கள், அதில் ஒரு மொழி கட்டாயம், தமிழையும் எடுக்கலாம் (மராத்தி, இந்தி என்று ஓடிய பிள்ளைக்கு இது ஒரு வாய்ப்பு, யோசியுங்கள்). எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும், அதற்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். இதில் பன்னிரண்டாவதை முடித்தவர்கள் பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின், மருத்துவத்துக்கான நீட் என்ற இரண்டு நுழைவுத்தேர்வுகளையும் எழுதலாம், ஆனால் அதற்கு வேண்டிய பாடங்களைச் சேரும்போதே பார்த்து எடுக்க வேண்டும்.

இனி வீட்டு நிலவரம். நீங்களும் கணவரும் காலை எட்டுக்கு ரயில் பிடித்தால் திரும்பி வர ஏழாகிறது என்கிறீர்கள். எனக்குக் கவலை இங்கேதான். தானாகப் படிப்பது என்றால் தனியாகப் படிப்பது என்று அர்த்தமில்லை. பாடம் சொல்லித்தர நீங்கள் வேண்டாம், ஆனால் இன்றைக்கு எங்கே மாட்டிக்கொண்டாய், யாரிடம் கேட்டாய் என்று விசாரிக்க ஒரு பெரியவர் தினமும் வேண்டும், வாரத்தில் சில மாலைகளாவது அவன் வயதுப் பிள்ளைகளோடு விளையாட்டோ பாட்டோ வேண்டும். பைத்தானை மட்டும் படித்துக்கொண்டு கணக்கைத் தள்ளிப்போட்டால் கொஞ்ச நாளில் பைத்தானும் நின்றுவிடும், ஏனென்றால் அவன் ஆசைப்படுகிற கேம் செய்வதற்கு வடிவியலும் இயற்கணிதமும் இல்லாமல் முடியாது. அதை அவனே கண்டுபிடித்து உட்கார்ந்து படிக்கிறானா என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க மே மாத விடுமுறை போதும். டியூஷன் எதுவும் வைக்காதீர்கள். என்ன படிக்கப்போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை அவனே எழுதட்டும், சனிக்கிழமை உங்களிடம் காட்டட்டும். ஒரு நாள் ஒர்லியில் இருக்கும் நேரு அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போய், எதன் முன்னால் நெடுநேரம் நிற்கிறான் என்று கவனியுங்கள். திட்டத்தில் பாதியை முடித்தாலும் சரி, ஏன் மீதி நின்றது என்று அவன் வாயால் சொல்லத் தெரிந்தால் எனக்கு நம்பிக்கை வரும். எல்லா வாரமும் தாள் வெறுமையாகவே வந்தால் பத்தாவது வரை பள்ளியிலேயே இருக்கட்டும்.

அதுவரை பள்ளியில் எல்.சி. (பள்ளியை விட்டு விலகும் சான்றிதழ்) கேட்டு எதுவும் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். ஜூனில் அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், அந்தத் தாள்களோடு.